குடும்ப வைத்தியம்: காது இரைச்சலும் செவிக் கூச்சமும்

கண்ணுக்கு இமை உண்டு. வாய்க்கு உதடு உண்டு. காதுக்கு மாத்திரம் பிரம்மதேவன் கதவு வைக்க மறந்துவிட்டான். வேண்டாததைப் பாராமல் இருக்கலாம். வேண்டாததைப் பேசாமலும் இருக்கலாம். இது நம்மில் அநேகருக்குச் சாத்தியமில்லை என்பது வேறு விஷயம். ஆனால் வேண்டாததைக் கேளாமல் இருப்பது எத்தகைய மகா யோகிக்கும் எளிதன்று. உடம்பெல்லாம் உறங்கும் நேரத்திலும் காது காவல் காத்துக் கொண்டிருக்கிறது. தொட்டிலில் குழந்தை சற்று முனகினாலும் தாய் திடுக்கிட்டு எழுந்து உட்காருகிறாளே, அது இந்தக் காவலின் பலன்தான்.

இவ்விதம் இராப்பகல் ஓயாமல் ஊழியம் செய்யும் உறுப்பு ஒரு நாள் முறுக்கிக் கொண்டால் என்ன ஆகும்? இரண்டு விதமான உபத்திரவங்கள் உண்டாகக் கூடும். முதலாவது, வெளியில் சப்தமே இல்லாதபோது உள்ளே ஒரு சப்தம் கேட்பது. சிலருக்குச் சுவர்க்கோழி கத்துவது போல் இருக்கும். சிலருக்குச் சங்கு ஊதுவது போலவும், வேறு சிலருக்கு நீராவி சீறுவது போலவும் இருக்கும். இதைத்தான் காது இரைச்சல் என்கிறோம். சுசுருத சம்ஹிதை காதுக்கு வரும் இருபத்தெட்டு நோய்களை எண்ணிச் சொல்லும்போது, கர்ணநாதம் என்று இதற்கும் ஓர் இடம் கொடுத்திருக்கிறது. ஆகையால் இது நவநாகரிகம் கொண்டு வந்த புது வியாதியன்று.

இரண்டாவது உபத்திரவம், மற்றவர்களுக்குச் சாதாரணமாகத் தோன்றும் சப்தங்கள் ஒருவருக்கு மட்டும் சகிக்க முடியாமற் போவது. தட்டின்மேல் கரண்டி விழுந்தால் காதில் ஊசி ஏற்றினாற்போல் இருக்கும். குழந்தை கலகலவென்று சிரித்தால் இவர் இரு காதையும் பொத்திக்கொள்வார். புளி தின்ற பல் தண்ணீர் பட்டாலே கூசுகிறதல்லவா? அதுபோல் இந்தக் காது ஒலி பட்டால் கூசுகிறது. ஆகவே இதைச் செவிக் கூச்சம் என்று அழைப்பது பொருந்தும். இவ்விரண்டும் பெரும்பாலும் இரட்டைப் பிள்ளைகளைப் போல் சேர்ந்தே வருகின்றன.

உலகத்தின் பல தேசங்களில் நடந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2022-ம் வருஷம் வெளிவந்த ஒரு கணக்கின்படி, வயது வந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 14 பேர் காது இரைச்சலை அநுபவித்தவர்கள். நூற்றுக்கு இரண்டு பேருக்கு அது கடுமையானது. ஆகையால் இதைப் படிக்கும் குடும்பங்களில் பலவற்றில் இந்தத் தொந்தரவுள்ளவர் ஒருவராவது இருப்பார். அவர் அதை வெளியே சொல்லாமலும் இருக்கக் கூடும். சொன்னால், "காதில் ஒன்றும் இல்லையே, எல்லாம் உன் மனப் பிரமை" என்று பிறர் சிரிப்பார்களோ என்று அவருக்குப் பயம்.

தறியும் லாரியும்

இந்த விஷயத்தைப் பேசுவதற்குச் சேலம், நாமக்கல் சமவெளியைக் காட்டிலும் தகுந்த இடம் கிடைப்பது அரிது. 1997-ம் வருஷம் ஜனவரி 1-ந் தேதி நாமக்கல் தனி ஜில்லாவாகப் பிரிந்தது. பிரிந்தாலும் சப்த விஷயத்தில் இரு ஜில்லாக்களும் இன்றும் கூட்டுக் குடும்பம்தான். சேலம் அம்மாபேட்டை, ஜலகண்டபுரம், எடப்பாடி, தாரமங்கலம் முதலிய இடங்களில் விசைத்தறி ஓடுகிறது. காவேரியின் கிழக்குக் கரையில், பவானிக்கு எதிரே குமாரபாளையமும், ஈரோட்டுக்கு எதிரே பள்ளிபாளையமும் இருக்கின்றன. அங்கே வீதியில் நடந்தால், எந்த வீடு எது என்று தெரியாதவருக்கும் எந்த வீட்டில் தறி ஓடுகிறது என்பது தெரிந்துவிடும். திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்குப் பேர்போனது. அங்கிருந்து புறப்படும் வண்டிகள் தேசமெங்கும் பாறையைத் துளைக்கின்றன. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளில் இரும்புத் தகட்டின்மேல் சம்மட்டி விழுந்துகொண்டே இருக்கிறது. கட்டி முடித்த லாரி சாலைக்கு வந்ததும் ஏர் ஹாரன் தன் பங்குக்கு முழங்குகிறது.

விசைத்தறியின் சப்தம் எங்கிருந்து வருகிறது? பாவு நூல்களுக்கு நடுவே நாடாவை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு ஒரு கட்டை அடித்துத் துரத்துகிறது. மறு பக்கத்தில் இன்னொரு கட்டை அதைத் திருப்பி அடிக்கிறது. நிமிஷத்துக்கு நூறு தடவைக்கு மேல் இந்த அடி விழுகிறது. ஒரு தறிக்கு இப்படி என்றால், தகரக் கூரையின்கீழ் பத்துப் பன்னிரண்டு தறிகள் ஒன்றாய் ஓடினால் எப்படியிருக்கும்? சப்தத்தை அளக்கும் டெசிபல் கணக்கில் விசைத்தறிப் பட்டறைகள் சாதாரணமாக 90-க்கு மேலேயே இருக்கும். 100-ஐ எட்டுவதும் உண்டு.

இந்தக் கணக்கில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 85 டெசிபல் சப்தத்தில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் இருக்கலாம் என்று நிபுணர்கள் வரம்பு வகுத்திருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் சப்தத்தின் சக்தி இரட்டிப்பாகிறது. இருக்கத்தகுந்த நேரமோ பாதியாகிறது. 88-க்கு நாலு மணி. 91-க்கு இரண்டு மணி. 94-க்கு ஒரு மணி. 97-க்கு அரை மணி. 100-க்குக் கால் மணி. கால் மணி நேரத்தில் வெளியே வர வேண்டிய இடத்தில் நம் தொழிலாளி பன்னிரண்டு மணி நேர ஷிப்டு நின்று வேலை செய்கிறார்!

தொழிலால் காது கெடும் என்பதை உலகம் நெடுநாளாக அறியும். இத்தாலி தேசத்து வைத்தியர் ரமஸ்ஸீனி என்பவர், வெனிஸ் நகரத்துச் செப்புத் தட்டார்களின் காது மந்தமாவதைப் பற்றிச் சுமார் மூந்நூறு வருஷங்களுக்கு முன்பே எழுதினார். ஸ்காட்லாந்தில் டண்டீ நகரத்துச் சணல் ஆலை நெசவுப் பெண்களின் காதுகளைப் பரிசோதித்து 1965-ம் வருஷம் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. அத்தகைய ஆலைகளில் பெண்கள் சப்தத்தை நம்பாமல் உதட்டசைவையும் கை ஜாடையையும் கொண்டே பேசிக்கொண்டார்கள். பள்ளிபாளையத்துப் பட்டறைக்குள் நுழைந்து பார்த்தவருக்கு இது ஆச்சரியமாய் இராது.

உள்ளே நடப்பது என்ன?

காதின் உள்ளே, நத்தைக் கூட்டைப் போல் சுருண்ட ஒரு சிறு எலும்பறை இருக்கிறது. அதற்குள் சுமார் பதினையாயிரம் நுண்ணிய மயிரணுக்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. சப்தம் வந்ததும் அவை வயலில் கதிர்கள் சாய்வது போல் சாய்ந்து நிமிர்ந்து, செய்தியை நரம்பின் வழியாக மூளைக்கு அனுப்புகின்றன. அளவுக்கு மீறிய சப்தம் புயலைப் போன்றது. புயலில் விழுந்த பயிர் அடுத்த பட்டத்தில் மறுபடி முளைக்கும். மனிதக் காதின் மயிரணு ஒரு தடவை செத்தால் மறுபடி முளைப்பதில்லை.

அணுக்கள் குறைந்தால் காது மந்தமாக வேண்டும், அது நியாயம். இல்லாத சப்தம் ஏன் கேட்கிறது? இருக்கும் சப்தம் ஏன் பெரிதாய்க் கேட்கிறது? இதற்கு இன்றைய ஆராய்ச்சியாளர்கள் பலர் சொல்லும் விளக்கத்தைப் பழைய ரேடியோப் பெட்டியைக் கொண்டு எளிதில் தெரிந்துகொள்ளலாம். நிலையம் சரியாகக் கிடைக்காவிட்டால் நாம் என்ன செய்வோம்? குமிழைத் திருகிச் சப்தத்தை ஏற்றுவோம். உடனே பாட்டோடு கூட ‘உஸ்’ என்ற இரைச்சலும் ஏறும். அந்தச் சமயம் பார்த்து நிலையம் திடீரென்று தெளிவாய்க் கிடைத்துவிட்டால் வீடே அதிரும். மூளையும் இதையேதான் செய்கிறது. காதிலிருந்து வரும் செய்தி குறைந்ததும் அது தன் குமிழைத் திருகி ஏற்றிக்கொள்கிறது. அந்த ‘உஸ்’தான் காது இரைச்சல். அந்த அதிர்ச்சிதான் செவிக் கூச்சம்.

நல்ல காதுள்ளவர்களுக்கும் இந்த ‘உஸ்’ கொஞ்சம் உண்டு என்று சொன்னால் வாசகர்கள் வியப்படைவார்கள். 1953-ம் வருஷம் அமெரிக்காவில் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர், காதுத் தொந்தரவு எதுவும் இல்லாத 80 பேரைச் சப்தம் புகாத அறையில் உட்கார வைத்து, என்ன கேட்கிறது என்று விசாரித்தார்கள். நூற்றுக்கு 94 பேர் ஏதோ ஒரு சப்தம் கேட்பதாகச் சொன்னார்கள்! அறைக்குள் சப்தம் ஏது? அவரவர் தலைக்குள் இருந்ததுதான். பூரண நிசப்தத்தில் மூளை குமிழை ஏற்றிக்கொள்ளும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சொல்லப் போகும் சிகிச்சை முழுவதும் இதை ஆதாரமாய்க் கொண்டதுதான்.

ஊமையாகும் வீடு

குமாரபாளையத்தில் முப்பத்தைந்து வயதுள்ள ஒரு தறித் தொழிலாளியை மனத்தில் உருவகம் செய்துகொள்ளுங்கள். பெயர் வேண்டாம், அவரைப் போன்றவர்கள் பலர். பதினைந்து வருஷம் தறி ஓட்டியவர். மாரியம்மன் பண்டிகையில் பக்கத்திலேயே சரவெடி வெடிக்கிறது. அன்றிரவு காதில் ‘ங்ஙொய்’ என்று ஓர் இரைச்சல். காலையில் போய்விடும் என்று படுக்கிறார், போகவில்லை. மூன்றாம் நாள் பயம் பிடிக்கிறது. ‘செவிடாகிவிடுவோமோ? மூளையில் கட்டியோ? சித்தம் கலங்கப் போகிறதோ?’ என்று இரவெல்லாம் இரைச்சலையே உற்றுக் கேட்டுக்கொண்டு விழித்திருக்கிறார். ஒரு வாரத்துக்கெல்லாம் மனைவி பாத்திரம் வைக்கும் சப்தமும் குத்துகிறது. காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறார். தொலைக்காட்சிப் பெட்டி மூடப்படுகிறது. பிள்ளைகள் தெருவுக்குப் போய் விளையாட வேண்டும் என்று உத்தரவாகிறது. மனைவி, பாத்திரம் ஒன்றோடொன்று படாமல் துலக்கப் பழகிக்கொள்கிறாள். அவர் கலியாணங்களுக்குப் போவதில்லை, பஸ் ஏறுவதில்லை, கடைசியில் தறிக்கும் போவதில்லை. வீடே ஊமையாகிவிடுகிறது. சம்பளமும் நின்றுவிடுகிறது.

இவற்றுள் ஒவ்வொரு காரியமும் நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டது. ஒவ்வொன்றும் நோயை ஒரு படி வளர்த்தது. பஞ்சும் மூடிய கதவும் மூளைக்கு வரும் செய்தியை இன்னும் குறைத்தன. மூளை குமிழை இன்னும் ஏற்றிக்கொண்டது.

இது வெறும் யூகமன்று. 2003-ம் வருஷம் கிரெய்க் ஃபார்ம்பி என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும் ஒரு பரீட்சை செய்து வெளியிட்டார்கள். நல்ல காதுள்ளவர்களை இரண்டு வார காலம் காதடைப்பான் அணிந்திருக்கச் செய்தார்கள். அதை எடுத்த பிறகு, முன்பு சாதாரணமாயிருந்த ஒலி அவர்களுக்கு அதிக உரத்ததாகப் பட்டது. மெல்லிய இரைச்சலை இடைவிடாது ஒலிக்கும் சிறு கருவியை அணிந்திருந்தபோதோ நேர் எதிரான பலன் கிடைத்தது. உரத்த ஒலியைத் தாங்கும் சக்தி கூடிற்று. காதை மூடினால் கூச்சம் வளரும். மெல்லிய ஒலியில் நனைத்தால் கூச்சம் தணியும்.

அச்சத்தின் பங்கும் சாமானியமன்று. தறிப்பட்டறையை ஒட்டிய வீட்டில் ஒரு சிசு தொட்டிலில் அயர்ந்து தூங்குவதை நாம் பார்த்ததில்லையா? அந்த வீட்டுப் பெரியவர்கள் தறி ஓடும்போது உறங்குவார்கள். மின்சாரம் நின்று தறி ஓய்ந்தால் விழித்துக்கொள்வார்கள். ஆபத்தில்லை என்று மூளை ஒரு தடவை முடிவு செய்துவிட்ட சப்தம் எவ்வளவு பெரிதாயினும் அது நம் கவனத்துக்கு வருவதில்லை. ஆபத்து என்று முத்திரை குத்திய சப்தம் கொசுவின் ரீங்காரம் போல் சிறிதாயினும் தூக்கத்தைக் கெடுக்கும். இரைச்சலின் அளவும் அதனால் வரும் துன்பத்தின் அளவும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை என்பது காது வைத்தியர்களின் அநுபவம்.

சங்கீத மேதை பீத்தோவன் 1801-ம் வருஷம், முப்பது வயதில், தமது வைத்திய நண்பருக்கு எழுதிய கடிதத்தில் இரண்டையும் சொல்லியிருக்கிறார். இராப்பகலாகக் காது இரைகிறது என்றும், யாராவது உரக்கக் கத்தினால் தாங்க முடியவில்லை என்றும், வெட்கத்தினால் ஜனக் கூட்டத்தைத் தவிர்த்து வருவதாகவும் அதில் எழுதினார். அடுத்த வருஷம் எழுதிய இன்னொரு கடிதத்தில் உயிரை விட்டுவிட எண்ணியதையும் மறைக்கவில்லை. அவருக்கு அந்தக் காலத்தில் சிகிச்சை கிடைக்கவில்லை, காதும் திரும்பவில்லை. ஆயினும் அவருடைய பிரசித்தி பெற்ற சிம்பனிகளில் பெரும்பான்மை அதற்குப் பிறகு பிறந்தவை. ஒன்பதாவது சிம்பனி அரங்கேறியது 1824-ல்.

முதலில் வைத்தியர்

மீளும் வழியில் முதற்படி, காது மூக்கு தொண்டை வைத்தியரைப் பார்ப்பது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும், 2022-ல் திறக்கப்பட்ட நாமக்கல் அரசு வைத்தியக் கல்லூரியிலும் காட்டலாம். கேட்கும் திறனைப் பரிசோதித்து ஒரு வரைபடம் எடுப்பார்கள். சில சமயம் காரணம் மிக அற்பமாயிருக்கும். குறும்பி அடைத்திருந்தாலே காது இரையலாம். சில மருந்துகளும் இரைச்சலை உண்டாக்கும்; அதிக அளவு ஆஸ்பிரின், கொயினா, ஜென்டாமைசின் போன்ற ஊசி மருந்துகள் இவ்வகையைச் சேர்ந்தவை. ஆகையால் உட்கொள்ளும் மருந்துகளையெல்லாம் வைத்தியரிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அவரைக் கேளாமல் எந்த மருந்தையும் தாமாக நிறுத்தவும் கூடாது.

சில குறிகள் கண்டால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. திடீரென்று ஒரு காது மந்தமாவது, தலைசுற்றலோடு இரைச்சல் வருவது, நாடித் துடிப்போடு தாளம் போட்டுக்கொண்டு இரைவது, ஒரே காதில் மட்டும் நீடித்து இரைவது, முகத்தின் ஒரு பக்கம் தளர்வது ஆகியவை அவை. திடீர்ச் செவிட்டுக்குச் சில நாட்களுக்குள் சிகிச்சை தொடங்கினால் பலன் அதிகம். ‘அடுத்த மாதம் பார்ப்போம்’ என்று இருந்தால் காது போய்விடும்.

பூண்டு காய்ச்சிய எண்ணெயைக் காதில் விடும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது பெரும் தீங்கு செய்யும். ‘மூன்றே நாளில் காது இரைச்சல் போகும்’ என்று விளம்பரம் செய்யப்படும் மாத்திரைகளுக்குப் பணம் செலவழிப்பதும் வீண். இரைச்சலை அடியோடு போக்கும் மாத்திரை இதுவரையில் கண்டுபிடிக்கப்படவில்லை.

ஒலியே மருந்து

ஆனால் மாத்திரை இல்லை என்றால் வழியே இல்லை என்று பொருளல்ல. 1821-ம் வருஷத்திலேயே பிரெஞ்சு வைத்தியர் இடார் என்பவர், காது இரைச்சல் உள்ளவர்களுக்கு எரியும் விறகின் சடசடப்பையும் நீர் ஓடும் ஒலியையும் சிகிச்சையாகச் சொன்னார். 1990-ல் ஜாஸ்ட்ரெபாஃப் என்ற விஞ்ஞானி, இரைச்சலை விடக் கொடியது அதைக் கண்டு மூளை எழுப்பும் அபாய மணியே என்று விளக்கினார். மெல்லிய ஒலியையும் தக்க விளக்கத்தையும் சேர்த்து மூளையை மறுபடி பழக்கும் முறை அதிலிருந்து பிறந்தது. அச்சமூட்டும் எண்ணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து மாற்றும் மனப் பயிற்சிச் சிகிச்சை, இரைச்சலால் வரும் துன்பத்தைக் குறைக்கிறது என்பதற்கு நல்ல சான்றுகள் இருக்கின்றன. செவிக் கூச்சத்துக்கும் அது உதவுகிறது என்று 2014-ல் ஸ்வீடன் தேசத்தில் 60 நோயாளிகளைக் கொண்டு செய்த பரீட்சை காட்டிற்று. காது மந்தமும் சேர்ந்திருப்பவர்களுக்குச் செவிக் கருவி அணிவதாலேயே இரைச்சல் அடங்குவது உண்டு. இந்தத் துறைக்கென்றே மைசூரில் 1965-ம் வருஷத்திலிருந்து அகில இந்தியப் பேச்சு, செவி நிலையம் நடந்து வருகிறது.

வீட்டில் கைக்கொள்ள வேண்டிய முறையைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

பூரண நிசப்தத்தைத் தவிர்க்க வேண்டும். கொல்லிமலையில் ஆகாய கங்கை அருவியின் அருகே நின்றால் எவருக்கும் காது இரைச்சல் கேளாது. ஆனால் அருவியைச் சமவெளிக்குக் கொண்டு வர முடியாதே! மின்சார விசிறியின் ஓசை போதும். செல்போனில் மழை ஒலியையோ ஆற்றொலியையோ மெதுவாக வைத்துக்கொள்ளலாம். இரைச்சலை முழுதும் மூடுமளவுக்கு அது பெரிதாயிருக்கக் கூடாது. இரைச்சலும் கேட்க வேண்டும், அதற்குப் பக்கத்தில் இந்த ஒலியும் கேட்க வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கேட்டால்தான் மூளை இரைச்சலை அலட்சியம் செய்யப் பழகும். இரவிலும் இது ஓடலாம்.

கூச்சமுள்ள காதைப் படிப்படியாக ஒலிக்குத் திருப்ப வேண்டும். முதல் சில வாரங்கள், பிடித்தமான பாட்டை மிகத் தணிந்த குரலில் நாளுக்கு அரை மணி கேட்கலாம். பிறகு சமையல் உள்ளின் வாசலில் உட்காரலாம். பிறகு விடியற்காலையில், கூட்டம் சேருமுன் சந்தைக்குப் போகலாம். அதற்கும் பிறகு பஸ் நிலையம். அதற்கும் பிறகு ஒரு சிறு விசேஷ வீடு. ஒரு படியில் கால் நன்றாய் ஊன்றிய பிறகே அடுத்த படியில் ஏற வேண்டும். ஒரு நாள் தொந்தரவு கூடினால் கலங்காமல் ஒரு படி இறங்கி, நாலு நாள் நின்று, மறுபடி ஏறலாம். அவசரப்பட்டு முதல் வாரமே கலியாண மண்டபத்தில் கெட்டி மேளத்துக்குப் பக்கத்தில் போய் உட்காருவது வீரமாகாது.

காதடைப்பான் எங்கே வேண்டும், எங்கே கூடாது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தறிப்பட்டறையிலும், சரவெடிக்கு அருகிலும், ரிக் வண்டியின் பக்கத்திலும் அது அவசியம். அங்கே அணியாமல் இருப்பது அபாயம். வீட்டிலும், தெருவிலும், படுக்கையிலும் அணிவது நோய்க்குத் தீனி போடுவதாகும். நம் ஜனங்களில் பலர் இதை நேர் மாறாகச் செய்கிறார்கள்: பட்டறையில் வெறுங்காது, வீட்டில் பஞ்சு! போதாக்குறைக்கு, பஞ்சு உரத்த சப்தத்தைத் தடுப்பதேயில்லை என்று சொல்லலாம். நுரையினாற் செய்த அடைப்பானைச் சரியாகச் செருகினால் சுமார் 20 டெசிபல் குறையும். 97 டெசிபல் பட்டறை அப்பொழுது 77 ஆகிவிடுகிறது.

எவ்வளவு நாளாகும் என்று கேட்பீர்கள். வாரக் கணக்கில் எதிர்பார்ப்பது தவறு. மாதக் கணக்கில் எண்ண வேண்டும். ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் ஆகலாம். செவிக் கூச்சம் பொறுமையான பயிற்சியால் பெருமளவு தணியக் கூடியது. இரைச்சல் சிலருக்கு அடியோடு போய்விடும். பலருக்குப் போகாது, ஆனால் சுவர்க் கடிகாரத்தின் டிக்டிக் ஓசை போல், நினைத்துக் கேட்டால் உண்டு, நினையாவிட்டால் இல்லை என்ற நிலைக்கு வந்துவிடும். இதை அடைந்தவர் பிழைப்புக்குத் திரும்பலாம், தூங்கலாம், பிள்ளைகளோடு பேசிச் சிரிக்கலாம். இதையே மீட்சி என்று சொல்கிறோம்.

வீட்டாருக்கும் ஊராருக்கும்

வீட்டாருக்கு மூன்று வார்த்தைகள். மனப் பிரமை என்று பரிகசிக்காதீர்கள், துன்பம் மெய்யானது. அதற்காக வீட்டை ஊமையாக்கவும் வேண்டாம். பாத்திரம் பாத்திரமாகவே ஒலிக்கட்டும், வேண்டுமென்று தடால் என்று வைக்காமல் இருந்தால் போதும். "இன்றைக்கு எப்படி இரைகிறது?" என்று தினந்தோறும் விசாரிக்காதீர்கள், மறக்கப் பழகுகிறவரை நினைப்பூட்டுவது உதவியாகாது. அவர் தூக்கமிழந்து, உயிர் வேண்டாம் என்ற பேச்சு பேசினால் அதை விளையாட்டாக எண்ணாமல் உடனே வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற அரசாங்க மனநல டெலிபோன் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

ஊராருக்கும் கடமை உண்டு. சட்டங்கள் இல்லாமலில்லை. 1989-ம் வருஷத்து மோட்டார் வாகன விதிகள் பல சுருதிகளில் மாறி மாறி ஒலிக்கும் ஹாரனைத் தடுத்திருக்கின்றன. 2000-ம் வருஷத்துச் சப்த விதிகள், குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பு கட்டியிருக்கின்றன. 2005-ம் வருஷம் ஜூலை மாதத்தில், இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பதைச் சுப்ரீம் கோர்ட்டு வற்புறுத்திற்று. சப்தத்தால் காது மந்தமாவது, 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணையில் தொழில் நோய்களில் ஒன்றாகவே சேர்க்கப்பட்டிருந்தது. ஆனால் சில தறிகளே உள்ள வீட்டுப் பட்டறைகள் பெரும்பாலும் அந்தச் சட்டத்தின் கைக்கு எட்டாமலே இருந்துவிட்டன.

ஆகையால் தறி முதலாளிகள் தாமாகவே சிலவற்றைச் செய்யலாம். தறிகளுக்குக் காலத்தில் எண்ணெய் விட்டு, தேய்ந்த பாகங்களை மாற்றினால் சப்தம் குறையும். தறியின் காலுக்கடியில் ரப்பர் வைத்தால் அதிர்ச்சி சுவருக்குப் போகாது. ஒரு ஜோடி நுரை அடைப்பானின் விலை மிகச் சொற்பம். புது ஆள் சேரும் நாளிலேயே அதைக் கொடுத்து, செருகும் விதத்தையும் கற்றுக்கொடுக்கலாம். வருஷத்துக்கு ஒரு முறை எல்லோரையும் காதுப் பரிசோதனைக்கு அனுப்பலாம். பட்டறையோடு ஒட்டிய வீட்டில் தொட்டிலையாவது தறிச் சுவரிலிருந்து தள்ளிக் கட்டலாம். அந்தச் சிசு அயர்ந்து தூங்கினாலும், அதன் காதிலுள்ள மயிரணுக்கள் தூங்குவதில்லை.

திருவள்ளுவர் கேள்வி என்று ஓர் அதிகாரமே வகுத்து, செவியால் அடையும் செல்வத்தைச் செல்வங்களுக்கெல்லாம் தலையாக வைத்தார். அந்தச் செல்வத்தைப் பட்டறையில் இழந்து வரும் குடும்பங்கள் இந்தச் சமவெளியில் எத்தனையோ. இழந்த அணுக்கள் திரும்ப வரமாட்டா, மிஞ்சியதைக் காக்கலாம். அச்சத்தினால் மூடிய கதவுகளை மெல்ல மெல்லத் திறக்கலாம். உங்கள் வீட்டில் யாராவது காதில் பஞ்சோடு தனியறையில் உட்கார்ந்திருந்தால், இந்த வாரமே அவரை வைத்தியரிடம் அழைத்துப் போங்கள். அன்று இரவு அவர் படுக்கும் அறையில் விசிறியைச் சுழல விடுங்கள்.